இடப்பக்கம் சத்தம் கம்மி

எந்தப் பொருளையும் விற்பதற்கு முன் அந்த அக்கா அதைத் திட்டுவார்.

முணுமுணுப்பெல்லாம் இல்லை. வாங்க வந்தவரை எதிரே நிற்க வைத்து, பெட்டியைப் பிரித்துப் பொருளை வெளியே எடுத்து, அதன் முகத்துக்கு நேராகவே திட்டுவார்.

"இந்த டார்ச்சு இருக்குதே, இதுக்கு சுவிட்சு நிக்காது. மூணு மாசம் வந்தா அதிகம். வெளிச்சத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு பொட்டு விழும். கீழ போட்டுட்டீன்னா குனிஞ்சி எடுக்காதே, அப்படியே தாண்டிக்கினு போயிடு."

வந்தவர் மெல்லத் திரும்பும்போது, "ஆனா மழையில நனைஞ்சாலும் எரியும்பா. ஏரிக்கரையில போறவனுக்கு அதானே வேணும்?" என்பார். வந்தவர் பெரிய ஏரி இருக்கிற தாமல் பக்கத்து ஆளாக இருப்பார். வாங்கிக்கொண்டு போய்விடுவார். மூன்று மாதம் கழித்து சுவிட்ச் போனதும் சண்டைக்கு வரமாட்டார். "நீ சொன்ன மாதிரியே போச்சுக்கா!" என்று ஜோசியம் பலித்த சந்தோஷத்தோடு வருவார்.

குறை முதலில், நல்லது பிறகு. இந்த வரிசை அவரிடம் மாறி யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை மாறியது. அன்றைக்கு எதிரே நின்றிருந்தவன் நான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில், ஒரு சாயப்பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்தது அவர் கடை. ரேடியோ, டார்ச், சுவர்க் கடிகாரம், ரிமோட், பேட்டரி. வாசலில் சாக்கடை. பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் நனைத்தார்களோ அந்த நிறம் அதில் ஓடும். முகூர்த்த மாதங்களில் அரக்கு. கல்லாவுக்குப் பின்னால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு, கைக்கு வந்த எதையாவது திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்பு பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தாராம். கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து, ஒரு புடவை பிடித்துப்போய், மஞ்சள் குங்குமம் வைக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அப்போது இவர் முந்தானையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பாருங்கம்மா, ஒரு இழை விட்டுப்போயிருக்குது" என்றிருக்கிறார். அந்த அம்மாள் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதலாளி சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். "முதலாளி நல்லவரா, கெட்டவரா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "கோவக்காரரு, அவசரக்காரரு, வேலைக்காரங்களுக்கு மோர் மட்டும் கெட்டியா குடுப்பாரு" என்றார். அங்கேயும் அதே வரிசை.

டீ மாஸ்டர் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஒரு பெரியவர் ஊரில் இத்தனை பேர் இருக்க இவரிடம் வந்தார். நான் பேட்டரி வாங்க நின்றிருந்தேன்.

"பையன் தூங்கும்போது பேசுவான். சாப்பாடு பிடிக்கலன்னா தட்டைத் தள்ளுவான். வீச மாட்டான், தள்ளுவான். சட்டையைக் கழட்டுனா கழட்டின இடத்துலயே கெடக்கும்."

பெரியவர் முகம் வெளிறியது. பக்கத்துக் கடையில் டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா பொய் சொல்லத் தெரியாது. சொன்னா மூக்கு செவந்துடும். உங்க பொண்ணுக்கு அது போதுமா பாத்துக்குங்க."

கல்யாணம் நடந்தது. மைக் செட் என்னுடையதுதான்.

ஆம், நான் அப்போது மைக் செட் வைத்திருந்தேன். நாலு குழாய் ஸ்பீக்கர், ரெண்டு பெட்டி ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், சீரியல் லைட் செட்டுகள், இவற்றோடு என் தலை. தலையைச் சொத்துக் கணக்கில் சேர்க்கக் காரணம் இருக்கிறது. எனக்குத் தலை பெரிது. என் அளவுக்கு ஹெல்மெட் கிடைக்காமல் நான் வண்டியே வாங்கவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். வண்டி வாங்காததற்கு வேறு காரணங்கள் உண்டு, அது இருக்கட்டும்.

செல்போன் எல்லார் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்த வருஷங்கள் அவை. அப்போதுதான் சென்னையிலிருந்து ஒயர் இல்லாத மலிவு ஹெட்போன் வர ஆரம்பித்தது. கூடவே ஒரு குட்டிப் பெட்டி வரும். அதை டிவியிலோ டேப்பிலோ சொருகினால், அது எஃப்.எம். மாதிரிப் பாட்டை அனுப்பும். தலையில் மாட்டியிருப்பது வாங்கிக் காதுக்குக் கொடுக்கும். மற்ற ஊரில் இது விளையாட்டுச் சாமான். எங்கள் தெருவில் இது தேவை. ஒயர் உள்ள ஹெட்போனை மாட்டிக்கொண்டு தறியில் உட்கார முடியாது. கை இரண்டும் வீசவேண்டும், கால் மிதிக்கவேண்டும். தொங்குகிற ஒயர் பாவு நூலில் போய்ச் சிக்கும். ஒருவர் பாட்டு கேட்டுக்கொண்டே நெய்து, ஒயரையும் சேர்த்து நெய்துவிட்டார் என்று கூடச் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"உன் தலை கொஞ்சம் வேணும்பா!"

புதுச் சரக்கு வந்தால் அக்கா கடை வாசலில் நின்று என்னை இப்படித்தான் கூப்பிடுவார். தெருவே திரும்பிப் பார்க்கும். "உன் தலைக்கு வந்துச்சுன்னா ஊருக்கே வரும். அதுவும் தொழில்காரன் காது. நீ சொன்னா சரியா இருக்கும்" என்பார். நான் குனிவேன். ஹெட்போனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து அவரே என் தலையில் மாட்டிவிடுவார். டீக்கடையில் யாராவது, "மகாராஜாவுக்கு முடிசூட்டியாச்சு!" என்று கத்துவார்கள்.

சோதனை என்றால் அப்படி ஒரு சோதனை. குட்டிப் பெட்டியைக் கடையில் பாட விட்டு என்னைத் தெருவில் நடக்கச் சொல்வார். பாட்டு நின்ற இடத்தில் நான் கையைத் தூக்கவேண்டும். முழங்கை வரை சிவப்பாக நிற்கும் சாயப்பட்டறை ஆட்கள், "இன்னாபா, தானா கையத் தூக்கிக்கினு போற? பஸ் இந்தப் பக்கம் வராதே!" என்பார்கள். அடிபம்பு வரை பாட்டு வந்தால் நல்ல சரக்கு. டியூப்லைட்டைப் போட்டு அணைத்துப் பார்ப்பார். காதில் 'டப்' என்று அடித்தால் அது ஒரு குறை. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க மாட்டிக்கொண்டு உட்கார்வார். கழற்றிவிட்டுத் தன் காதைக் காட்டுவார். "பாரு, ஊறப்போட்ட வடை மாதிரி ஆயிடுச்சு. பஞ்சு மட்டம்." கீல் எங்கே உடையும், பேட்டரி மூடி எப்போது தொலையும், எல்லாம் சொல்வார்.

கடைசியில் எதிர்வீட்டுத் தறி. அந்த நெசவாளர் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நெய்வார். அவர் முகத்தில் பூரிப்பு. "எவ்ளோ சொகமா கீதுக்கா!"

"சொகமாத்தான் இருக்கும். தறி சத்தம் கேக்குதா?"

"கேக்கலியே."

"அதான் குறை. இழை அறுந்தா மொதல்ல உனக்குக் காதுதானே சொல்லும், அப்புறம்தானே கண்ணு? ரெண்டு காதையும் மூடிக்கினா ஒரு சாண் நெய்ஞ்சதுக்கப்புறம்தான் தெரியும். ஒரு காதுல போட்டுக்கோ. இன்னொரு காதைத் தறிக்கு வுட்டுடு."

அதன்பிறகு எங்கள் தெருவில் ஹெட்போனைக் கோணலாக மாட்டுவதுதான் முறை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு சங்கடமும் வந்தது. அடுத்தடுத்த இரண்டு வீட்டில் ஒரே சரக்கை வாங்கிவிட்டார்கள். இந்த வீட்டில் ஒருவர் செய்தி கேட்டுக்கொண்டிருந்தால், நடுவில் அந்த வீட்டு சீரியல் மாமியார் புகுந்து அழுவாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. அக்கா இரண்டு வீட்டுக்கும் போய், "குறையைச் சொல்லாம வித்தது என் தப்பு" என்று ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வாங்க வருகிறவரிடம் முதல் கேள்வி, "எத்தினியாவது வீடு?" பக்கத்தில் யாராவது வாங்கியிருந்தால் விற்கமாட்டார்.

சொல்லத் தவறிய குறை அவரை அந்த அளவுக்குப் படுத்தும். இல்லாத குறையைச் சொன்னால் என்ன ஆவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் வந்த ஒரு பெட்டிச் சரக்கை என் தலையில் மாட்டினார். கேட்டுவிட்டு, "இடது பக்கம் சத்தம் கம்மிக்கா" என்றேன். இன்னொன்று மாட்டினார். அதுவும் இடது பக்கம் கம்மி. மூன்றாவதும் அப்படியே. "இதைச் செய்யறவங்களுக்கு இடது பக்கத்து மேல என்னமோ கோவம்க்கா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தடித்த மார்க்கரை எடுத்து ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இடப்பக்கம் சத்தம் கம்மி' என்று எழுதினார். அப்படிச் சொல்லித்தான் விற்றார்.

எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். தெரியும் என்பதைத் தெரியாத மாதிரி வைத்திருந்தேன். இடது காதில் போனை வைத்தால் பேசுகிறவர் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார். நான் போனை மாற்றினேன். அப்புறம் சிம்மை மாற்றினேன். அந்தத் தை மாதம் ஒரு கல்யாணத்தில் நாயனத்துக்கு மைக் வைத்தபோது இடது பக்கப் பெட்டி ஸ்பீக்கர் மந்தமாக இருந்தது. கொஞ்சம் ஏற்றினேன். இன்னும் மந்தம். இன்னும் ஏற்றினேன். சற்று நேரத்தில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனார்கள். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது போல என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் எதிர்வீட்டு நெசவாளர் அக்காவிடம் வந்தார். நான் டீக்கடை பெஞ்சில் இருந்தேன்.

"இன்னாக்கா, கம்மின்னு எழுதிக் குடுத்த? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே கேக்குது. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்."

அடுத்த நாள் ஒரு நர்சம்மா. அவரும் அதையே சொன்னார். "நல்லாத்தானே இருக்கு? எதுக்கு அதைப் போய்த் திட்டுனீங்க?"

"சரிம்மா" என்று மட்டும் சொன்னார் அக்கா. என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சூடான டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். இந்தத் தடவை தெருவில் நின்று கத்தவில்லை. கிட்டே வந்து, "வாபா, ஒண்ணு பாக்கணும்" என்றார். போனேன். குனிந்தேன். மாட்டினார்.

"எப்படி?"

"இதுவும் இடது பக்கம் கம்மிதான்க்கா."

கழற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"உன் தலை நல்ல தலைபா."

அந்தக் கடையில் ஒரு பொருளைப் பற்றி நல்லதை முதலில் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஹெட்போன் வழியாக மூளைக் கட்டி தெரியுமா என்றெல்லாம் ஒரு நொடியில் யோசித்துவிட்டேன். என் மனைவி மறுமணம் செய்துகொள்வாளா, ஆம்ப்ளிஃபயர் யாருக்குப் போகும் என்பது வரைக்கும் போய் வந்தேன்.

"வலக்காது இருக்குதே, அது தங்கம். பொடிச் சத்தம்கூட அதுக்கு வந்துடுது. கைராசி உள்ளவன் நீ. கூப்பிட்ட எடத்துக்கு நேரத்துக்குப் போற."

"சொல்லிடுங்கக்கா. எத்தினி நாளு?"

"இன்னா எத்தினி நாளு? ஹெட்போனை இப்ப மாத்திப் போட்டேன்பா. வலப்பக்கத்ததைத்தான் உன் இடக்காதுல வெச்சேன். அதுவும் உனக்குக் கம்மின்ற." ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்தார். "குறை சரக்குல இல்ல."

சாகப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. "உங்க மிசினு ரெண்டு பக்கமும் சொத்தைக்கா!" என்று கத்திவிட்டு வெளியேறினேன். நேரே போய், பட்டறை வாசலில் மூங்கிலில் காயப்போட்டிருந்த ஈரப் பட்டு நூலுக்குள் நுழைந்து, மஞ்சள் சட்டையோடு மறுபக்கம் வந்தேன். நுழையும்போது அது வெள்ளைச் சட்டை.

அடுத்த சில நாட்கள் நான் செய்தவற்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்தேன். நின்றுபோயிருந்தது. வலது காதில் வைத்தேன். ஓடியது. வாட்ச் கடைக்காரனிடம், "ஒரு பக்கம் மட்டும் ஓடுமா?" என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சமையலறையில் போய், கடுகு வெடிப்பது கேட்கிறதா என்று வாணலிப் பக்கம் இடது காதைச் சாய்த்தேன். என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இன்னா பண்ற நீ? காதைத் தாளிக்கப் போறியா?"

காது போனதுகூட இரண்டாவது பயம்தான். முதல் பயம் அக்கா. அவர் குறையை மறைக்கிறவர் இல்லை. டார்ச்சுக்குக் காட்டாத தயவை எனக்கு எதற்குக் காட்டவேண்டும்? 'மைக் செட்காரனுக்குக் காது கேக்காது' என்று ஒரு வார்த்தை போதும். ஊரில் இன்னும் இரண்டு பேர் மைக் செட் வைத்திருந்தார்கள். முகூர்த்த மாதம் வருகிறது. அதற்கு முன்னால் சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஏற்பாடு செய்கிற உபன்யாசம், பத்து நாள், என்னிடம்தான் சொல்லியிருந்தார்.

டீக்கடை மூலையில், பாய்லருக்குப் பின்னால் ஒளிந்து கடையைக் கவனித்தேன். அக்கா பெட்டிகளை எல்லாம் இறக்கி, துணியைத் தின்னரில் நனைத்து, மேலே எழுதியதை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு நெசவாளர் வந்தார்.

"இன்னாக்கா அழிச்சிக்கினு கீற?"

"தப்பா எழுதிட்டேன்பா. ஹெட்போன்ல குறை இல்ல. பாத்த காதுல குறை."

"யாரு காது?"

நான் பாய்லருக்குப் பின்னால் இன்னும் குனிந்தேன். அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"என் கடையில பாத்த காது. எழுதினது நான்தானே? என் தப்பு."

நெசவாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கிட்டே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, தெருக்கோடிக்குக் கேட்கும்படி, "டாக்டர்கிட்ட காட்டுக்கா!" என்று கத்தினார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் அக்காவுக்குக் காது மந்தம் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீ மாஸ்டர், "அக்கா! டீ!" என்று பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி கூவினார். "கேக்குதுபா, மெதுவா சொல்லு" என்பார் அக்கா. கேட்காதவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். பொய் ஒன்றும் அவர் சொல்லவில்லை. ஊர் தப்பாக எடுத்துக்கொண்டதைத் திருத்தவும் இல்லை.

பாய்லருக்குப் பின்னால் எனக்கு உயிர் வந்தது. இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள், "அவங்களுக்கே காது கேக்காது, அவங்ககிட்டப் போய் ஹெட்போனா?" என்று ஒரு பெண் இன்னொருத்தியைப் பஜார் பக்கம் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் புதுச் சரக்கு வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. குட்டிப் பெட்டியைக் கடையில் பாட விட்டு, ஹெட்போனைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு, அக்கா தெருவில் நடந்தார். சின்னத் தலை. ஹெட்போன் காதைத் தாண்டிக் கீழே வழிந்தது. அடிபம்புக்கு இந்தப் பக்கம் நின்று, கடையில் அதைப் பார்க்க ஆள் இல்லாமலே, கையைத் தூக்கினார். பழக்கம். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். "கேக்காத காதுக்கு எதுக்கு ஆயா பாட்டு?"

அவரை அதுவரை யாரும் ஆயா என்று சொன்னதில்லை.

நான் சென்னைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். நரம்பு என்றார். எத்தனை வருஷமாகப் பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் உட்காருகிற ஆம்ப்ளிஃபயருக்கு இடது பக்கம்தான் எப்போதும் ஒரு பெட்டி ஸ்பீக்கரை வைப்பேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது வேண்டுமென்றே இடது காதை ஜன்னல் பக்கம் வைத்து உட்கார்ந்தேன். அமைதியான பிரயாணம்.

இறங்கியதும் நேரே சின்ன காஞ்சிபுரம். வாத்தியார் நெற்றியில் திருமண்ணோடு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு சொல்லணும். எனக்கு இடது காது கேக்காது. வேற ஆளைப் பாக்கறதுன்னா பாத்துக்குங்க."

பேப்பரை மடித்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"தை மாசம் என் மச்சினன் பொண்ணு கல்யாணத்துல மைக் செட் நீதானே?"

"ஆமா சாமி."

"இடது பக்கம் உக்காந்திருந்தேன். நாயனம் காதுக்குள்ள வந்து குடித்தனம் பண்ணித்து. நாற்காலியைத் தூக்கிண்டு வலது பக்கம் ஓடினதுல நான்தான் முதல் ஆள். ஏன்னு இத்தனை நாளா புரியலை." பெருமூச்சு விட்டார். "சரி, இப்ப என்ன பண்ணப் போறே?"

"ஒரு எடத்துல உக்கார மாட்டேன் சாமி. நாலு மூலைக்கும் நடந்து போய் வலக்காதுல கேட்டுட்டு வந்து ஏத்தி எறக்கறேன்."

"அது போறும். உக்காந்த இடத்துல பட்டனைத் திருகறவனுக்கு நடக்கறவன் தேவலை. வா."

அங்கிருந்து அக்கா கடைக்கு நடந்தேன். வாசலில் ஒரு அம்மாள் நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஒயர்! இல்லாத! ஹெட்போன்! எங்க மாமியாருக்கு!" அக்கா பொறுமையாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் வழக்கமான கூட்டம்.

"கத்தாதீங்கம்மா" என்றேன். "அக்காவுக்கு நல்லா கேக்கும். அது என் காது."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீக்கடைக்குப் புரிந்தது. பாலை ஆற்றுகிற சத்தம் நின்றது. வலது காதில் நன்றாகவே தெரிந்தது, நின்றது.

"யோவ், மைக் செட்டு! உனக்கா?" என்றார் டீ மாஸ்டர்.

"எனக்குத்தான். இடது. அக்கா எழுதினது என் பேச்சை நம்பி."

அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "சரி, குறை ஆச்சு. நல்லதைச் சொல்லு."

"வலக்காது நல்லா கேக்கும்."

"அது நான் சொன்னது. நீ புதுசா சொல்லு."

நின்று யோசித்தேன். வேறு கேள்விதான் வந்தது. "அன்னிக்கு எதுக்குக்கா எனக்கு மட்டும் நல்லதை மொதல்ல சொன்னீங்க? பயந்துட்டேன்."

"டார்ச்சு வேணாம்னா வெச்சிட்டுப் போயிடலாம். காதை எங்க வெச்சிட்டுப் போவ?" என்றார். புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். "குனி."

குனிந்தேன். மாட்டினார்.

"வலப்பக்கம்?"

"சுத்தமா இருக்குதுக்கா. கொஞ்சம் இரைச்சல். பரவால்ல."

கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, இடது பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக் கேட்டார். பிறகு மார்க்கரை எடுத்துப் பெட்டியின் மேல் எழுதினார்: 'வலப்பக்கம் அவன் பாத்தது. இடப்பக்கம் நான் பாத்தது. கீலு ஒரு வருசம்.' பெட்டியை அந்த அம்மாளிடம் நீட்டி, "எத்தினியாவது வீடும்மா?" என்றார்.

அன்றிலிருந்து தெரு கத்துவதை என்னிடம் மாற்றிக்கொண்டது. டீ மாஸ்டர், பட்டறை ஆட்கள், எதிர்வீட்டு நெசவாளர், எல்லாரும் அக்கறையாக என் இடப்பக்கம் வந்து நின்று, தொண்டை கிழியக் கத்துவார்கள். எனக்கு அது யாரோ காதோரம் ரகசியம் பேசுவது மாதிரி இருக்கும். அக்கா மட்டும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வருவார். மெதுவான குரலில், முதலில் குறையைச் சொல்வார்.